கதை, வசனம், இயக்கம், இடுப்புவலி

சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது நான் ஒரு சபதம் எடுத்தேன். வாய் நிறைய நுரை. சபதம் யாருக்கும் கேட்கவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று.

சபதம் இதுதான்: ஞாயிறு பதினோரு மணிக்கு என் ஆளு படத்தைப் பார்க்காவிட்டால் ஹைதராபாத்தின் இந்த அல்வால் பேட்டையில் நான் சௌந்தரராஜன் என்ற பெயரோடு நடமாட மாட்டேன்.

'என் ஆளு' என்பவர் அந்தக் காலத்தில் தானே எழுதி, தானே நடித்து, தானே இயக்கிய மேதை. என் மனைவி பத்மப்ரியாவுக்கும் ஓர் ஆளு உண்டு. இதே மூன்று வேலையையும் இந்தக் காலத்தில் செய்கிற தாடிக்கார இளைஞர். பெயர் சொல்லிப் பேசினால் எங்கள் வீட்டில் தோசை கருகுகிறது. அதனால் கல்யாணமான புதிதிலேயே ஓர் ஒப்பந்தம் போட்டோம்: என் ஆளு, உன் ஆளு. "அவ ஆளைப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க" என்று நான் போனில் சொன்னதைக் கேட்டு என் மாமியார் ரயிலேறிவிட்டார்.

சண்டை இப்படித்தான் நடக்கும்.

"உன் ஆளு மழையில ஸ்லோ மோஷன்ல நடக்கிறாரு. பாதிப் படம் நடக்கிறதுலயே போயிடுது."

"நடந்தாத்தானே ஊர் போய்ச் சேரலாம்? உங்க ஆளு உக்காந்த இடத்துலயே வசனம் பேசுவாரு. எதிர்ல நிக்கிறவனுக்குத் தாடி முளைச்சிடும்."

"போன படத்துல உன் ஆளுக்கு வலது கையில குண்டு படுது. அடுத்த சீன்ல கட்டு இடது கையில! கேமராவுக்கு முன்னாடியும் அவரே நின்னா, பின்னாடி நின்னு யாரு பாக்கிறது? ரெண்டையும் சேத்துச் செய்ய என் ஆளு மாதிரி பிறக்கணும்."

"கட்டு மாறினதை உலகத்துல நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க."

"பாக்கிறவன் பாத்துக்கிட்டுத்தான் இருப்பான் பத்மா. ஒரு தப்பு போதும். மொத்தப் படமும் பொய்யின்னு தெரிஞ்சிடும்."

இந்த வசனத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் ஆளு படத்தைப் புதுப்பித்து, செகந்திராபாத் தியேட்டர் ஒன்றில் ஒரே ஒரு காட்சி போடுகிறார்கள். ஹைதராபாத்தில் கறுப்பு வெள்ளைத் தமிழ்ப்படம்! இதுவரை டிவியிலும் போனிலும்தான் பார்த்திருக்கிறேன். என் ஆளின் மூக்கை நான் முழு அளவில் தரிசித்ததே இல்லை. எதிர் ஃப்ளாட் ஃபெலிக்ஸ் தனக்கும் எனக்குமாக இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டான்.

அதே ஞாயிறு, அதே பதினோரு மணிக்கு, பத்மா தன் ஆளு படத்துக்கு மூன்று டிக்கெட் போட்டுவிட்டாள். எனக்கு, அவளுக்கு, அவள் அண்ணன் கிருஷ்ணகுமாருக்கு. மச்சான் பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி ஷிப்ட் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை லீவு அவருக்கு ஆடிக்கொன்று அமாவாசைக்கொன்று. "நீங்க வரலைன்னா அண்ணன் மனசு என்ன பாடுபடும்?" என்றாள். என் மனசு பட்ட பாட்டை யாரும் கேட்கவில்லை.

நான் மாதாப்பூரில் சாஃப்ட்வேரைச் சோதிக்கிறவன். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். எனக்குத் தப்பில்லாமல் ஒரு திரைக்கதை எழுத வராதா? எழுதினேன். கதாநாயகன் தண்ணீர் கேனைத் தூக்குகிறான். இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நண்பன் வருகிறான், டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்கிறான். அண்ணனும் தங்கையும் படத்துக்குப் போகிறார்கள். கதாநாயகனும் போகிறான், வேறு படத்துக்கு. கதாநாயகனும் நானே, இயக்குநரும் நானே. என் ஆளு இருந்தால் கட்டிக்கொண்டிருப்பார்.

நண்பன் வேடத்துக்கு ஃபெலிக்ஸ். அவன் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே செகந்திராபாத். தமிழில் ஆரம்பித்து உருதுவில் முடிப்பான். வேண்டாம் என்றால் 'நக்கோ', சரி என்றால் 'ஹவ்'.

"நக்கோ சவுந்தர்! எனக்கு ஆக்டிங் வராது. வீட்ல ஸ்டெல்லாகிட்ட ஒரு பொய் சொன்னாலே விக்கல் வருது."

"உனக்கு ஒரே வசனம்தான்டா. 'வா, டாக்டர்கிட்ட போலாம்.' அவ்வளவுதான்."

"ஹவ், சொல்றேன். ஆனா பத்மா என் மூஞ்சியைப் பாக்காம பாத்துக்கோ."

ஞாயிறு காலை கேனைத் தூக்கினேன். "ஐயோ அம்மா!"

அலறல் முதல் தரம். கீழ்வீட்டு நாய் பதில் சொன்னது. வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தேன். பத்மா கரண்டியோடு ஓடிவந்தாள். கண் நிறையத் தண்ணீர். எனக்கே நெஞ்சு இளகிவிட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாளாம், பிறகு தெரிந்தது.

"எங்கேங்க வலிக்குது?"

"வலது பக்கம்... தொடாதே!"

அதற்குள் மச்சான் வந்துவிட்டார். "என்ன மாப்ளே இது!" என்று பதறினார். எல்லாம் எழுதியபடியே நடந்தது. மணி அடித்தது. ஃபெலிக்ஸ் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, ஊருக்கே மணக்கும் சென்ட். டாக்டரிடம் போகிறவன் மாதிரியா இருந்தான்? மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவன் மாதிரி இருந்தான்.

"வா சவுந்தர்... வா..." விக்கல். "வா..." இன்னொரு விக்கல்.

வசனம் மறந்துவிட்டது. எனக்குள்ளிருந்த இயக்குநர் துடித்தார். பத்மாவுக்குப் பின்னாலிருந்து வலது கையை உயர்த்தி, காதில் ஸ்டெதஸ்கோப் மாட்டுகிற மாதிரி சைகை காட்டினேன். இடுப்பைப் பிடிக்க மிச்சமிருந்தது இடது கை. அது தனக்குப் பக்கத்திலிருந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

பத்மா திரும்பினாள். என் கையைப் பார்த்தாள். இடுப்பைப் பார்த்தாள்.

"ஃபெலிக்ஸ் அண்ணா, கொஞ்சம் வெளிய வாங்க."

கதவு சாத்திக்கொண்டது. விக்கல் சத்தம் வேகமாகக் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. பயல் சமாளித்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன்.

உள்ளே வந்த பத்மாவின் முகத்தில் கருணை வழிந்தது. "டாக்டரெல்லாம் எதுக்குங்க? அண்ணன் சுளுக்கு எடுப்பான். கம்பெனியில பாதிப் பேருக்கு அவன்தான் எடுத்து விடுறான்."

மச்சான் ஏற்கனவே சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். "நல்லெண்ணெய் காய்ச்சும்மா. மாப்ளே, கவுந்து படுங்க."

"மச்சான், உங்க லீவு... படம்..."

"படமா பெருசு? நீங்கதான் பெருசு!"

எழுந்து உண்மையைச் சொல்லலாம்தான். அபூர்வமாகக் கிடைத்த லீவை எனக்காக விடுகிற மனுஷன் முகத்தில் அப்புறம் எப்படி முழிப்பது? கவிழ்ந்து படுத்தேன். ஃபெலிக்ஸ் கால்களைப் பிடித்தான். "காய்கு? எதுக்குடா என்னை மாட்டி விட்டே?" என்று என் பாதத்திடம் முணுமுணுத்தான்.

பத்மா பட்டுப்புடவையில் வந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"ஸ்டெல்லாவோட போறேன். உங்களுக்காக வேண்டிக்கிட்டு வரேன்."

"ஸ்டெல்லா சர்ச்சுக்குப் போறவளாச்சே?"

"சுளுக்குக்கு எல்லா சாமியும் ஒண்ணுதான்."

"வலதா, இடதா மாப்ளே?" என்றார் மச்சான்.

வாசலிலிருந்து பத்மா சொன்னாள்: "ரெண்டு பக்கமும் எடுத்து விடு அண்ணே. எதுக்கும் இருக்கட்டும்."

மச்சான் எடுத்தார். அடடா, என்ன எடுப்பு! உடம்பில் இல்லாத நரம்பையெல்லாம் கண்டுபிடித்து இழுத்தார். இந்தத் தடவை அலறலில் நடிப்பே இல்லை. கீழ்வீட்டு நாய் பயந்து கட்டிலுக்கடியில் போய்விட்டதாம்.

இரண்டு மணிக்குப் பத்மா திரும்பினாள். முகம் பூரித்திருந்தது. நான் எண்ணெயில் ஊறிக் கிடந்தேன்.

"என்னங்க, ஒண்ணு ஒத்துக்கிறேன். உங்க ஆளு உங்க ஆளுதான். என் ஆளு இன்னும் பத்துப் படம் எடுத்தாலும் அந்தப் பக்கமே போக முடியாது."

கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்தவன் நான். தலையை மட்டும் தூக்கினேன். "உனக்கு... எப்படி..."

"அந்த மூக்கு இருக்கே, திரை முழுக்க! ஸ்டெல்லா அழுதே போயிட்டா. ஃபெலிக்ஸ் அண்ணா, டிக்கெட் குடுத்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ். நடிப்பும் அவரே, இயக்கமும் அவரே. ஆனா காயம் பட்டா பட்ட இடத்துலயே இருந்துச்சுங்க, கடைசி வரைக்கும்."

ஃபெலிக்ஸுக்கு மறுபடி விக்கல் ஆரம்பித்தது.

"அப்புறம், என் ஆளோட காலைக் காட்சி டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு என் ஆளு படம். நாம மூணு பேரும் போறோம். அண்ணன் பாவம், லீவு வீணாகக் கூடாதுல்ல?"

எழ முயன்றேன். முடியவில்லை.

"பத்மா, சத்தியமா சொல்றேன். இப்போ நிஜமாவே இடுப்பு வலிக்குது."

அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"