இரைச்சல் தோஷம்

காஞ்சிபுரத்தில் அந்த ஆண்டு வீட்டுக்கு வீடு இரைச்சல் தோஷம். அதுவரை நாக தோஷம், செவ்வாய் தோஷம் என்று பழையதைக் கொண்டே ஒப்பேற்றிக்கொண்டிருந்த ஊர்தான். வீட்டுக்கு ஒரு மைக்கும் ஆளுக்கு ஒரு சேனலும் வந்த பிறகு தோஷமும் புதிதாக வேண்டாமா? வந்து சேர்ந்தார் ஒலிச்சித்தர் நாதானந்தர். பாட்டைப் பதிவு செய்யும்போது 'ங்ங்ங்' என்று அடியில் முனகல் கேட்டால் அது பொறாமைக் கண். உச்சத்தில் குரல் 'கர்ர்' என்று கிழிந்தால் அது செய்வினை. பரிகாரம் செப்புத் தகடும் எலுமிச்சம்பழமும். அவர் தங்கிய மண்டபத்து வாசலில் காலை ஐந்து மணிக்கே கூட்டம். காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போல மைக்கைத் துண்டில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த வரிசையின் முதல் ஆள் யார் என்று கேட்டால், கலியாணசுந்தரம் இன்றைக்கும் வேறு பக்கம் பார்ப்பார்.

பட்டு நெசவாளி, சிவபக்தர். தினமும் காலையில் ஒரு பதிகம் பாடிப் பதிவு செய்து நண்பர்களுக்கு அனுப்புவார். குரலில் குறையில்லை. ஆனால் மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஒலிப்பெட்டியின் திருகை முழுக்க ஏற்றி வைத்துத்தான் பாடுவார். ஈசன் கயிலாயத்தில் அல்லவா இருக்கிறார், அவ்வளவு தூரம் எட்ட வேண்டாமா? உச்சத்தைத் தொட்டால் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். 'தாங்கவில்லை, குறையுங்கள்' என்று பெட்டி கெஞ்சுவது அது. கலியாணசுந்தரமோ நெற்றிக்கண் திறந்துவிட்டதாக எண்ணி, கண்ணில் நீர் வழிய இன்னும் ஓங்கிப் பாடுவார்.

சித்தர் வீட்டுக்கே வந்தார். மைக்குக்குத் திருநீறு பூசினார். பெட்டியை இரண்டு கைகளாலும் தடவிக் கொடுத்தார். சுவரில் செருகியிருந்த லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் தம்முடைய மின்சார 'நாததீபத்தை'ச் செருகினார்.

"இப்ப பாடுபா."

பதிவு பளிங்குபோல் வந்தது. தெருவே கும்பிட்டது. கும்பிடாதவர்களைக் கலியாணசுந்தரம் கும்பிட வைத்தார். தீபத்தை எடுத்துக்கொண்டு சித்தர் போனார். மறுநாள் சார்ஜர் சுவருக்குத் திரும்பியது. சன்னமாகக் கேட்ட குரல் ஈசனுக்குப் போதாதென்று திருகும் உச்சிக்கு ஏறியது. முனகலும் வந்தது, கிழிசலும் வந்தது.

"பக்கத்துச் சுவர்க்காரன் கண்ணு," என்றார் திரும்பி வந்த சித்தர்.

பக்கத்துச் சுவர்க்காரர் மாணிக்கவாசகம். அவரும் நெசவாளி, இருபது ஆண்டு சிநேகிதர். அவர் மகள் கீர்த்திக்கு அடுத்த வாரம் கல்யாணம். முகூர்த்தச் சேலை என் கை நெசவுதான் என்று வாக்குக் கொடுத்திருந்த கலியாணசுந்தரத்தின் தறியில் இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.

"அந்தச் சேலை அந்த வூட்டுக்குப் போச்சுன்னா உன் குரலும் கூடவே பூடும். நம்ம மண்டபத்து நாததேவிக்குச் சாத்திடு."

நாததேவிக்கு அது ஒன்பதாவது சேலை. நெசவாளர் தெருவில் அவள் ஏன் வாசம் செய்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கலியாணசுந்தரம் மாணிக்கவாசகத்தோடு பேச்சை நிறுத்தினார். அவர் எதிரில் வந்தால் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். அதுவும் மே மாதத்தில்.

தறியிலிருந்து சேலையை அறுத்த அன்று, அதை வாங்கிப்போகச் சித்தரே வந்தார். பின்னால் தெரு வந்தது. கலியாணசுந்தரத்தின் மனைவி துர்காதேவி சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தாங்க, ஒண்ணு கேக்கறேன். தறியில பாவு இழை அறுந்தா இன்னா பண்ணுவீங்க?"

"எந்த இழைன்னு ஒண்ணொண்ணா தள்ளிப் பாப்பேன்," என்றார் கலியாணசுந்தரம்.

"எலுமிச்சம்பழம் அறுக்க மாட்டீங்களே?"

தெரு சிரித்தது. கலியாணசுந்தரமும் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதையும் அதேமாரி பாத்துடலாம். சாமி, நீங்க அந்தப் பலகையிலயே குந்துங்க. எதையும் தொடாதீங்க. உங்க தீபத்துக்குப் பதிலா அகல்ல எண்ணெய் ஊத்தி வெச்சிருக்கறேன். மந்திரத்தை மட்டும் சொல்லுங்க."

"தொடாம எப்படிம்மா?"

"கண்ணு சுவரையே தாண்டி வருதுன்னீங்க. உங்க மந்திரம் நாலடி தாண்டாதா?"

சித்தர் மந்திரம் சொன்னார். கலியாணசுந்தரம் பாடினார். ங்ங்ங். கர்ர். துர்காதேவி பழத்தையும் தகட்டையும் எடுத்து வாசலில் வைத்தாள். மறுபடி பாட்டு. அதே ங்ங்ங், அதே கர்ர்.

"இது இல்ல அறுந்த இழை," என்று சார்ஜரைப் பிடுங்கினாள். முனகலைக் காணோம். திருகைப் பாதிக்கு இறக்கினாள். நெற்றிக்கண் மூடிக்கொண்டது, குரல் கிழியவில்லை.

"அன்னிக்கே பாத்தேன். மைக்குக்குப் பூசுன திருநீறு இந்தத் திருகுலயும் ஒட்டிக்கினு இருந்துது."

சித்தர் தலை குனிந்தார். "வாலாஜாபாத்துல மைக் செட் போட்டுக்கினு இருந்தேம்மா. அப்பவும் இதே வேலையைத்தான் செஞ்சேன். ஒருத்தனும் கும்பிடல."

"மோர் குடிச்சிட்டுப் போங்க," என்றாள் துர்காதேவி. "போறப்ப அந்த எட்டுச் சேலையையும் வூட்டு வூட்டுக்குக் குடுத்துட்டுப் போங்க."

கூட்டம் அவரோடு நகர்ந்தது. துர்காதேவி பதிவை மறுபடி ஓடவிட்டாள். "எல்லாத்தையும் கேட்டோம். பக்கத்து வூட்டுத் தறிச் சத்தம் மட்டும் ஏங்க இதுல இல்ல?"

ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் காலையிலிருந்து ஓடும் தறி. கலியாணசுந்தரம் சேலையை எடுத்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போனார்.

"நீ சுருதி சேத்தவுடனே நான் தறியை நிறுத்திடுவேன்பா," என்றார் மாணிக்கவாசகம். "சாமி பாட்டு, கெட்டுடக் கூடாது இல்ல?"

"கல்யாண அவசரத்துலயுமா? நான் மூஞ்சி குடுத்துப் பேசாதப்பவுமா?"

"பாட்டு இன்னா பண்ணுச்சு?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேபா!"

"தறி ஓட்டுனா சொல்லணும். நிறுத்துறதப் போய் இன்னான்னு சொல்றது?"

கலியாணசுந்தரம் சேலையைக் கீர்த்தியின் கையில் கொடுத்தார். தினமும் அரை மணி நேரம் தனக்காக நின்ற ஒரு தறியை அவர் கேட்கவே இல்லை. முனகிய சார்ஜரைக் கேட்டு நண்பனைப் பகைத்துக்கொண்டார். இப்போது வேகவதி ஆற்றுப் பக்கம் செல்போன் சிக்னலுக்குச் சாந்தி செய்கிற ஒருவர் வந்திருக்கிறாராம், நல்ல கூட்டமாம். போகிறவர்கள் போகட்டும். ஈசன் நமக்குக் காது இரண்டு வைத்து, நடுவே மூளையும் வைத்திருக்கிறான். அதைத் தொட எந்தச் சித்தரின் அனுமதியும் தேவையில்லை.