துரையின் யாட்டுக்கு நான் பூசிய பச்சை

கொசுவைத் தவிர எந்த உயிரையும் கொன்றதில்லை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். பொய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், என் இருபத்தோராவது வயதில், ஒரு பாய்ப்படகைக் கொன்றேன். அதுவும் அன்பினால்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் தென்னந்தோட்டத்துத் துரை ஒருவரிடம் நான் கணக்கெழுதும் கிளாக்கர். அவருடைய தகப்பன் சீமையில் கட்டுவித்த யாட், அதுதான் அந்தப் பாய்ப்படகு, கல்லடி ஊர்க்கரையில் நின்றது. துரை சீமைக்குத் திரும்பப்போகிறார். யாட்டைத் திருகோணமலைக் கப்டன் ஒருவர் விலைக்கு எடுப்பதாகப் பேச்சு. எடுத்தால் அதைப் பார்த்துக்கொள்ள நானும் கூடப் போவேன். எடுக்காவிட்டால் எனக்கு வேலை இல்லை. (வீட்டில் எனக்குப் பெண் வேறு பேசி முடித்திருந்தார்கள்.)

"கப்டன் வரேக்க சுத்தமா இருக்க வேணும்" என்று சொல்லிவிட்டுத் துரை இரண்டு கிழமைக்குக் கொழும்பு போனார்.

போய்ப் பார்த்தேன். மரம் கறுத்துக் கிடந்தது. பித்தளையெல்லாம் களிம்பு. பாய்மரத்தின் அடியில் யாரோ கத்தியால் எழுத்துக் கீறியிருந்தார்கள். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. காத்தான்குடி இஸ்மாயில் ஓடாவியைக் கூட்டிவந்தேன். மரவேலையில் கெட்டிக்காரன். யாட்டைப் பற்றி என்னளவுக்கே தெரிந்தவன்.

"மச்சான், இது தேக்கு. இதுக்கு ஏன் பெயின்ட்?" என்றான்.

"நீ அடி. புதுப் பொம்பிள மாதிரி இருக்க வேணும்."

அடித்தான். கிளிப்பச்சை. கீறல் விழுந்த பாய்மரத்தைப் பிடுங்கிப் புது மரம் நட்டோம். பித்தளைக் கொக்கிகளைக் கழற்றி இரும்பில் போட்டோம். கட்டியவர் பெயர் பொறித்த தகடு ஒன்று உள்ளே இருந்தது. அதற்கும் இரண்டு பூச்சு. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். சத்தியமாக, எனக்குக் கண் கலங்கியது.

கப்டனும் துரையும் ஒன்றாகவே வந்து இறங்கினார்கள்.

"பாய்மரம்?" என்றார் கப்டன்.

"புதுசு, சேர்!"

"கொக்கிகள்?"

"அதுவும் புதுசு, சேர்!" (என் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்திருந்தது தெரியுமா!)

கப்டன் நகத்தால் பச்சையைச் சுரண்டினார். "கட்டியவன் கை வைத்த மரம் இருக்க வேண்டும். அவன் நினைத்த வடிவம் இருக்க வேண்டும். பழுதைத் திருத்தலாம், ஆளையே மாற்றலாமா? இதில் பழசு என்று என்னதான் மிச்சம்?"

யோசித்தேன். உண்மையைத்தான் சொன்னேன். "தண்ணி ஒழுகுறது, சேர். அது பழைய இடத்திலதான்."

அவர் சிரிக்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

துரை புதுப் பாய்மரத்தைத் தடவிக்கொண்டு நின்றார். "பழைய மரம் எங்கே?"

இஸ்மாயில் நிலத்தைப் பார்த்தான். நான்தான் சொன்னேன், "விறகுக்குப் போயிட்டுது, சேர்."

"அந்த எழுத்து நான் எட்டு வயதில் கீறியது. அப்பா அன்றைக்கு என்னை அடித்தார்" என்றார். ஏசியிருந்தால் பிழைத்திருப்பேன். அன்று வாவிக்கரையில் உட்கார்ந்து, நான் ஏன் பிறந்தேன் என்று அழுதேன்.

வேலை போயிற்று. கல்யாணம் மூன்று வருடம் தள்ளிப்போயிற்று. காத்திருந்து என்னைக் கட்டிய புண்ணியவதிக்கு இந்தக் கதை மனப்பாடம். தலை நரைத்த காலத்தில் ரகசியமாகக் கறுப்புச் சாயம் வாங்கிவந்தேன். போத்தலைப் பிடுங்கிக் கிணற்றடியில் ஊற்றிவிட்டாள்.

"படைச்சவன் குடுத்த நிறம். ஆரைக் கேட்டு மாத்தப்போறீங்க?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்றுவரை இந்த வீட்டில் என்னை நம்பிக் கையில் தருகிற ஒரே பிரஷ், பல் விளக்குகிற பிரஷ்தான்.