சகலைக்குச் சிவப்புக் கல், எனக்கு நீலம்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, இளைய மாப்பிள்ளையின் பணிவான வணக்கம். இங்கு நானும் என் சிறுநீரகக் கல்லும் நலம். அங்கு தாங்களும் அத்தையும், தங்கள் அருமை மூத்த மாப்பிள்ளையும் அவர் கல்லும் நலந்தானா என்று அறிய ஆவல்.

மாமா, மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றைப் பேசத் தெரியாதவன் நான். தங்கள் வீட்டுக்கு வந்தால் மெத்தை நாற்காலி அவருக்கு, முக்காலி எனக்கு, பொறுத்தேன். எனக்குக் கல் வந்தபோது, "தண்ணி நிறையக் குடிங்க மாப்ளே" என்று போனிலேயே முடித்துவிட்டீர்கள், பொறுத்தேன். அவருக்குக் கல் வந்ததும் தாங்களே கையைப் பிடித்து அழைத்துப் போய், டூயல் எனர்ஜி ஸ்கேன் எடுத்து, அந்தக் கலர் படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டு, 'நம்ம மாப்ளே கல்லு சிவப்பு' என்று எழுதி, பக்கத்தில் பூப்படம் வேறு! என் படமோ வெறும் கறுப்பு வெள்ளை. எது கல் வலி, எது வயிற்றெரிச்சல் என்று பிரிக்கத் தெரியாமல் தவித்தேன்.

அவருக்கு டபுள் என்றால் எனக்கும் டபுள்தான் என்று டாக்டரை நச்சரித்துச் சீட்டு வாங்கி, அதே ஸ்கேன் சென்டருக்குப் போனேன். முதுகுப் பக்கம் மூடாத அங்கியில் படுத்தபடி, "எங்க சகலைக்கு வச்ச பவரையே வைங்கம்மா, குறைச்சுடாதீங்க" என்றேன். டெக்னீஷியன் அம்மா சிரிக்காமல், "சார், டூயல்னா டபுள் பவர் இல்ல. ரெண்டு விதமான சக்தியில எக்ஸ்ரே விட்டு, ரெண்டுலயும் கல்லு எப்படித் தெரியுதுன்னு ஒப்பிட்டுப் பார்ப்போம். சாதா ஸ்கேன் கல்லு எங்க இருக்குன்னு காட்டும். இது கல்லு எதால ஆனதுன்னும் சொல்லும். யூரிக் அமிலம்னா படத்துல சிவப்பு, கால்சியம்னா நீலம்" என்றார். "எனக்கும் சிவப்பே போட்டுடுங்கம்மா" என்று கெஞ்சினேன். "நாங்க என்ன பெயிண்டா அடிக்கிறோம்?" என்றுவிட்டார்.

வந்தது நீலம். சிவப்புக் கல் மருந்திலேயே கரையுமாம்; நீலம் கரையாதாம், உள்ளே குழாய் விட்டு லேசரால் உடைத்து எடுக்க வேண்டுமாம். அழுதால் கல்லும் கரையும் என்பார்களே, அது அவர் கல்லைப் பார்த்துச் சொன்னது போலிருக்கிறது. தங்கள் மகளோ, "உங்க கல்லு உங்கள மாதிரிதானே இருக்கும், எதுக்கும் கரையாது" என்கிறாள். எனக்குப் பயமா இருக்கு மாமா. வியாழக்கிழமை ஆபரேஷன். ஒரே ஒரு தடவை என் பக்கத்திலும் வந்து உட்காருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். சிவப்புக் கல்லையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள் இன்னொரு மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் சகலை போன் செய்தார். "உங்களுக்கென்ன சகலை, உடைச்சு எடுத்துட்டா எழுந்து நடந்துடுவீங்க. எனக்கு மாசக்கணக்கா மருந்து, கறி மீன் கூடாது, மாமா வேற தினமும் பக்கத்துல உக்காந்து தண்ணி குடி தண்ணி குடின்னு உயிரை வாங்குறாரு. உங்களப் பாத்தா பொறாமையா இருக்கு" என்றார். மாமா, இந்த வீட்டு மாப்பிள்ளையான நாள் முதல் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக் கிடந்தேன். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும். வியாழக்கிழமை தாங்கள் இங்கே வரவே வேண்டாம். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, இன்னும் ஒரு சொம்பு சேர்த்தே கொடுங்கள்.