பானெட்டுக்குள் அரை கிலோ புகையிலை

கார் வாங்கி மூன்று மாதம் ஆன எவனும் பாதி மெக்கானிக் ஆகிவிடுகிறான். மீதிப் பாதி தனக்குத் தெரியாது என்பதை மட்டும் செத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டான். நானும் அந்த இனம்தான். எனக்கு முன்பே இரண்டு பேர் ஓட்டித் தள்ளிய ஒரு வெள்ளை ஹேட்ச்பேக்கை வாங்கி, தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் எங்கள் வீட்டுச் சந்து முனையில் நிறுத்திய நாளிலிருந்து, சபையில் யாருடைய கார் இருமினாலும் என்னிடம்தான் வந்தார்கள். (வந்தார்கள் என்பது ஒரு பெருமைக்கு. பாதி நேரம் நானாகவே போய் நின்றேன்.)

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் என் கிளினிக் தொடங்கிவிடும்.

"சாம், காலையில செல்ஃப் எடுக்கமாட்டேங்கு."

"பேட்டரி முனையில வெள்ளையாப் பூத்திருக்கும் அண்ணாச்சி. வயரைக் கழத்தி வச்சிட்டு வெந்நீர் ஊத்திக் கழுவுங்க."

"பிரேக் பிடிச்சா கிறீச்சுங்கு."

"பேடு தேஞ்சிருக்கும்."

"மழையில கண்ணாடி உள்பக்கமாப் புகை படிஞ்சு ஒண்ணுமே தெரியல."

"ஏசியைப் போட்டுட்டு, வெளிக்காத்து உள்ள வாற பட்டனைத் தட்டுங்க. ரெண்டே நிமிஷம்."

இந்தக் கடைசிப் பதிலை மட்டும் ஐம்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். அவ்வளவு ஞானம்.

இந்தக் கூட்டத்தில்தான் பெனிட்டா வந்தாள். வீடு செம்பூர். அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருந்த பொன்னுத்துரை அங்கிளின் ஒரே மகள். மாட்டுங்காவில் ஓர் ஆபீசில் வேலை. அப்பாவின் சிவப்புக் காரை அவள்தான் ஓட்டுவாள். வாராவாரம் ஒரு கேள்வி கொண்டுவருவாள், நானும் வாராவாரம் பதில் சொல்வேன்.

"சாம், கிளட்ச் மிதிச்சு மிதிச்சு கால் வலிக்கு."

"சீட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிப் போட்டுக்கோங்க."

"சாம், நான் தனியாப் போகும்போது ஒரு சத்தம் வருது. பக்கத்துல ஆள் இருந்தா வரமாட்டேங்கு."

நான் தீவிரமாக யோசித்தேன். "அது பக்கத்து சீட்டு பெல்ட் ஆடுற சத்தம். ஆள் இல்லாதப்ப அதைக் கொக்கியில மாட்டி வச்சிருங்க, நின்னுரும்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! என் அறிவைக் கண்டு வியக்கிறாள் என்று நினைத்து அன்று முழுக்க நெஞ்சு நிமிர்த்தித் திரிந்தேன். அட மடையா என்று இப்போது என்னை நானே திட்டிக்கொள்கிறேன். அப்போது திட்ட ஆளில்லை.

எட்டு மாதம் இப்படியே போனது. ஒரு ஞாயிறு, டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் குறுக்கிட்டாள்.

"அரே சாம், என் வண்டியில ஒரு கோளாறும் கிடையாது. ஒருநாளும் கிடையாது. உங்ககிட்டப் பேசணும்னு தோணும், அதான் வருவேன்."

"முன் டயருக்கு முப்பத்திமூணு" என்று ஆரம்பித்த வாக்கியத்தை மட்டும் எப்படியோ முடித்துவிட்டேன். அன்று வீட்டுக்கு எந்த வழியாகப் போனேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. காரை ஆலய வாசலிலேயே விட்டுவிட்டு நடந்து போயிருந்தேன் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தெரியவில்லை. அவள் ஆபீஸ் விடும் நேரத்துக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். டம்ளரில் காபி ஆறும்வரை பேசுவோம், ஆறிய பிறகும் பேசுவோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி.

பொன்னுத்துரை அங்கிளிடம் பேச வேண்டியதுதான் பாக்கி. நல்ல மனிதர். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கல். அவருடைய தம்பி குட்கா போட்டுப் போட்டு வாயில் புற்று வந்து செத்துப்போனார். கடைசி ஒரு வருடம் தம்பிக்குக் கஞ்சி புகட்டியது அங்கிள்தான். அதற்குப் பிறகு அவர் கடை வாசலில்கூட யாரும் புகையிலை மெல்ல முடியாது. "பொயிலை தொட்டவனுக்கு என் வீட்டுல தண்ணிகூடக் கிடையாது" என்று ஆலயத்திலேயே எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. நான் பாக்குகூடப் போட்டதில்லை.

இனி எலிகளுக்கு வருகிறேன். மும்பையில் ரோட்டோரம் கார் நிறுத்துகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த மழைக்காலத்தில் ஒரு காலை என் வண்டி கிளம்பவில்லை. பானெட்டைத் திறந்தால் வயர்களை எலி கடித்துப் போட்டிருந்தது. ஏசி ஃபில்டரையும் கிழித்துத் தனக்கு மெத்தை செய்துகொண்டிருந்தது. சயானில் இருக்கும் மெக்கானிக் வயரைச் சரிசெய்துவிட்டு, இந்த ஊரில் எல்லா மெக்கானிக்கும் சொல்வதைச் சொன்னார்: "தம்பாகூ ரக்கோ பாய், சூஹா நஹி ஆயேகா." புகையிலை வை, எலி வராது.

மற்றவர்கள் நாலு இலையைத் துணியில் முடிந்து எஞ்சின் ஓரமாகக் கட்டுவார்கள். நான் நிபுணன் அல்லவா? எலி எந்த வழியாக வருகிறது என்று ஆராய்ந்தேன். முன்கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற சல்லடை வழியாகத்தான் என்று கண்டுபிடித்தேன். அரை கிலோ புகையிலையை வாங்கி நன்றாக நொறுக்கி அந்த வழி முழுக்கத் தூவி அடைத்தேன். ஃபில்டர் புதிதாகப் போடவில்லை. (ஃபில்டர் இல்லாமல் ஓட்டவே கூடாது என்று சபையில் நாலு பேருக்குப் புத்தி சொன்னவன் நான்தான்.) ஏசியை எப்போதும் உள்காற்றிலேயே வைத்து ஓட்டியதால் எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. எலியும் வரவில்லை. பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரமே பெனிட்டா ஏற்பாடு செய்துவிட்டாள். ஞாயிறு மதியம் அங்கிள் மாட்டுங்காவில் சொந்தக்காரர் வீட்டு ஜெபத்துக்குப் போக வேண்டும், முழங்கால் வலி, கொட்டுகிற மழை. தன் கார் கிளம்பவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்தாள். "சாம், வந்து அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க. அரைமணி நேரம் ரெண்டு பேரும் தனியா இருப்பிய. கேட்டுருங்க. நீங்க பேசுவியன்னு அப்பாட்ட சொல்லிட்டேன்."

போனேன். வெள்ளைச் சட்டையும் கையில் குடையுமாக அங்கிள் வாசலில் நின்றார். அவள் கார் கிளம்பவில்லை என்றதும் எனக்குக் கை பரபரத்தது. என்னை அறியாமல் பானெட்டைத் திறந்துவிட்டேன்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று அறிவித்தேன்.

"இல்ல, ஸ்டார்ட் ஆகல" என்றாள் பெனிட்டா.

உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். வண்டி கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக் கிளம்பியது. "இதோ! அருமையா எடுக்குது!"

"சத்தம் சரியில்ல" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சத்தமா? அம்சமா இருக்குதே!"

"சாம், உங்க வண்டியில கூட்டிட்டுப் போங்களேன்!" என்று அவள் கத்தியபிறகுதான் எனக்கு உறைத்தது. அங்கிள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மீசைக்குள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. மனிதர் பாதி சம்மதத்தோடுதான் என் வண்டியில் ஏறினார்.

செம்பூரைத் தாண்டியதும் அவரே ஆரம்பித்தார். "பெனிட்டா என்னமோ சொன்னா தம்பி. நீ ஏங்கிட்ட ஏதோ பேசணுமாம்லா? கூச்சப்படாத. பேசு."

இதைவிட ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? கதவைத் திறந்து வைத்துவிட்டு வா என்கிறார். நான் வாயைத் திறந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து முன்கண்ணாடியில் புகை படிந்தது.

"ஒரு நிமிஷம் அங்கிள்" என்றேன். "இது ஏன் படியுது தெரியுமா? உள்ள இருக்க ஈரக்காத்து குளிர்ந்த கண்ணாடியில படுது. நிறைய பேருக்கு இதுக்கு என்ன செய்யணும்னு தெரியாது."

"சரி, அதை விடு. நீ என்னமோ..."

"ரெண்டே நிமிஷம் அங்கிள்." வெளிக்காற்றுப் பட்டனைத் தட்டி, விசிறியை முழு வேகத்தில் வைத்தேன்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். அரை கிலோ புகையிலையும் நாலு துவாரம் வழியாகவும் எங்கள் முகத்தில் அடித்தது. கண்ணெல்லாம் எரிச்சல். நான் ஒன்பது தும்மல் தும்மினேன், அங்கிள் எண்ண முடியாத அளவு தும்மினார். அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கத் தூள். கண்ணாடி மட்டும் தெளிவாகிவிட்டது. (நான் சொல்கிற வைத்தியம் பலிக்கும்.)

தும்மல் நின்றதும் சட்டையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் அப்படியே செத்துவிட்டது. கோபம்கூட இல்லை. தம்பியை நினைத்திருப்பார்.

"வண்டியை நிப்பாட்டு தம்பி."

"அங்கிள், இது..."

"நிப்பாட்டு."

சயான் சர்க்கிளில் நிறுத்தினேன். குடையை விரித்துக்கொண்டு, வலிக்கிற காலை இழுத்து இழுத்து மழையில் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். "அங்கிள்! நான் போடமாட்டேன் அங்கிள்! எலிக்குப் போட்டது! சத்தியமா எலிக்கு!"

அவர் நின்று திரும்பினார். நனைந்து நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எலி பொயிலை போடுமாடே?" என்று கேட்டுவிட்டு டாக்சி பிடித்துப் போய்விட்டார். அவர் கார் ஓட்டுகிறவர் இல்லை, அவர் கடையிலும் எலிக்கு விஷம்தான் விற்பார்கள். புகையிலை வைப்பதை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

வேறு எவனாக இருந்தாலும் அன்று சாயங்காலமே செம்பூருக்குப் போய் அவர் காலில் விழுந்திருப்பான். நான் என்ன செய்தேன்? ஒரு தாளில் படம் வரைந்தேன். சல்லடை, காற்று வரும் வழி, ஃபில்டர் இருக்க வேண்டிய இடம், எலி நுழையும் பாதை சிவப்பு அம்புக்குறியில், புகையிலை பறந்த பாதை நீல அம்புக்குறியில். அதைப் போட்டோ எடுத்து அங்கிளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை.

பெனிட்டா போன் செய்தாள். "நீங்க போடமாட்டியன்னு எனக்குத் தெரியும். அப்பாவுக்குப் பயம், அவ்ளோதான். வீட்டுக்கு வாங்க சாம். நேர்ல வந்து பேசுங்க."

"வாறேன். ஃபில்டர் ஆர்டர் பண்ணிருக்கேன். அதை மாட்டி, உள்ள சுத்தமாக் கழுவிட்டு, அப்பாவைத் திரும்ப ஒரு தடவை வண்டியில உக்கார வச்சுக் காட்டுனா அவங்களுக்கே புரியும்."

அவள் கேட்டாள். "அப்பாவுக்கு ஒரு பக்கம் படம் போட்டு அனுப்பிருக்கிய. எலி இருக்கு, ஃபில்டர் இருக்கு, எல்லாம் இருக்கு. அதுல நான் எங்க சாம்?"

ஃபில்டர் வர இரண்டு வாரம் ஆனது. அது வந்த அன்று, பெனிட்டாவுக்கு டோம்பிவிலியில் மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டார்கள் என்று ஆலய வாசலில் யாரோ சொன்னார்கள். சொன்னவர் அடுத்த மூச்சிலேயே தன் கார் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றார். கீல் திருகை இறுக்கச் சொன்னேன்.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் யார் என்ன சாக்குச் சொன்னாலும், "எலிக்குப் போட்டியோ?" என்றுதான் கேட்பார்கள். கிறிஸ்துமஸ் சாப்பாடு முடிந்ததும் என் தம்பி ஜெபா துண்டைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி அங்கிள் மாதிரி நடந்து காட்டுவான். அம்மா கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரிப்பேன்.

போன கிறிஸ்துமஸுக்கு ஜெபாவின் புது மனைவி ஸ்டெல்லா முதல்முறையாக இந்தக் கதையைக் கேட்டாள். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, "அத்தான், அந்தப் பெனிட்டாவ இப்பவும் நெனைப்பியளா?" என்றாள்.

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"டெய்லி" என்றேன்.

ஜெபா துண்டை மடித்தான். அம்மா டீ போட எழுந்து போனார்கள். அன்றிலிருந்து, நான் இருக்கும்போது கதையைத் தொடங்க எல்லோருக்கும் தயக்கம். என் முகத்தைப் பார்க்கிறார்கள். "சொல்லுல, சும்மா சொல்லு" என்று நானே ஜெபாவைக் கிளப்பிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அவள் பெயரை யாராவது வாய்விட்டுச் சொல்வது அந்தக் கதையில் மட்டும்தான்.