அரைக் கிலோ ஈயமும் ஒரு ராகுகாலமும்

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் ராகுகாலம் பார்த்திருக்கிறேன். நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன், ஞாயிறு பூசை தவறாதவன், முப்பத்தெட்டு வருடம் பாலங்களின் பாரத்தைக் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கியவன். அப்படிப்பட்டவன் ராகுகாலம் பார்த்தால் அதில் பக்தி இருக்காது, கள்ளம்தான் இருக்கும். இருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன். (சுவாமியார் இருமுவதுபோலச் சிரித்தார்.) ஆனாலும் முழுவதையும் ஒரு தரம் எழுதி வைத்தால்தான் மனம் ஆறும் போலிருக்கிறது.

நாச்சியப்பன் காரைக்குடிக்காரர். வங்கி வேலையில் ஓய்வுபெற்று, நியூசிலாந்தில், தகனினி என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார். என்னைவிட ஐந்து வயது இளையவர். என்னை 'அண்ணே' என்பார். எங்களைச் சேர்த்து வைத்தது கிளைடர். நிஜமான கிளைடரை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி, மரத்தில் செய்து, தரையில் நின்றபடி ரிமோட்டில் ஓட்டுவது. இயந்திரம் கிடையாது. இன்னொரு சின்ன விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டு போய் விட வேண்டும். அதற்குப் பிறகு காற்று விட்ட வழி. விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். நாச்சியப்பனின் கிளைடருக்கு இறக்கை மட்டும் முனைக்கு முனை ஐந்து மீட்டர். மகனின் கராஜில் நான்கு குளிர்காலம் முதுகு வளைத்துச் செய்தது. உள்ளே உட்கார்ந்திருக்கும் விமானிப் பொம்மைக்கு மீசை வரைந்து, நெற்றியில் சந்தனமும் வைத்திருந்தார்.

அது முதன்முதலாகப் பறக்க வேண்டிய நேரத்தில் ஊரில் அவர் தம்பிக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. மகனோ கராஜை அறையாக மாற்றிக்கொண்டிருந்தான். ஆகவே கிளைடர், மாசி என்ற பக்கத்து ஊரில் இருக்கும் என் கராஜுக்கு வந்து சேர்ந்தது.

"அண்ணே, பதினைஞ்சு நாளைக்கு ஒருதடவை பேட்டரிய சார்ஜ்ல போடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். பேலன்ஸ் எல்லாம் பார்த்து வச்சுட்டேன்."

"ஓம், ஓம். நீங்கள் ஒண்டும் யோசியாமல் போயிட்டு வாங்கோ" என்றேன்.

மூன்று வாரம் யோக்கியனாக இருந்தேன். நாலாவது வாரம் மூக்குப் பகுதியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு கிலோ ஈயம்! வால் பாரமாக இருப்பதால், அதைச் சமன் செய்ய மூக்கில் வைத்த ஈயம். எனக்குப் பொறுக்கவில்லை. பறக்க வேண்டிய பொருளுக்குள் ஈயமா? வாலைக் கொஞ்சம் குடைந்து இலேசாக்கினால் பாதி ஈயம் போதுமே! நாச்சியப்பன் வந்து பார்த்து, 'அண்ணே, நீங்க மேதை!' என்று சொல்லும் காட்சிகூட என் மனதில் ஓடிவிட்டது.

அரைக் கிலோவை வெட்டி எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மீன் பிடிக்கிறவர். தூண்டிலுக்கு ஆகும் என்றார், கொடுத்துவிட்டேன். அடுத்தது வால். அதை அவ்வளவு அழகாகச் செய்திருந்தார், கத்தி வைக்கக் கை வரவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று மூடினேன். (பாலம் கட்டியவன்! ஒரு பக்கத்துத் தூணை எடுத்துவிட்டு, மற்றதை நாளைக்குப் பார்ப்போம் என்றவன்!)

ஒரு மாதமாகியும் அந்த நாளை வரவில்லை, நாச்சியப்பன் வந்துவிட்டார். வந்த மூன்றாம் நாள், சனிக்கிழமை, கிளைடரை ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். மாசிக்கு அப்பால் ஒரு மாட்டுப் பண்ணையின் ஓரம். போகும் வழியில் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். அவர் வழி முழுவதும் அறுபதாம் கல்யாணத்துப் பந்தியை இலை இலையாக வர்ணித்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது பாயசத்தில் நின்றார்.

மூக்கில் பாரம் குறைந்த கிளைடர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மூக்கை நிமிர்த்தும், காற்றில் நின்றுவிடும், பிறகு விழும். பன்னிரண்டு கிலோ. எங்கே விழும், யார் தலையில் விழும் என்று எவராலும் சொல்ல முடியாது.

பண்ணைக்காரரும், இழுவை விமானத்தை ரிமோட்டில் ஓட்டுகிறவருமான கிரேம் இறக்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, பேலன்ஸ் பார்த்தாயிற்றா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொல்ல வாயைத் திறந்தேன். நாச்சியப்பன் என் தோளில் கையைப் போட்டார். "இரண்டு மாதமாக இது ஒரு இன்ஜினியரிடம் இருந்தது" என்று அவருக்குப் பதில் சொன்னார்.

சொல்ல வந்ததை இருமலாக்கினேன்.

மணி பத்தே முக்கால். கிரேம் கயிற்றை எடுத்தார். கொக்கியை மாட்டக் குனிந்தார். எனக்குள் இருந்து ஒரு குரல் வந்தது, என் குரல்தான்.

"கொஞ்சம் பொறுங்கோ! இப்ப ராகுகாலம் எல்லோ!"

நாச்சியப்பன் மெதுவாகத் திரும்பினார். "அண்ணே?"

"சனிக்கிழமை ராகுகாலம்."

"அது ஒம்பதுலேர்ந்து பத்தரை. பார்த்துத்தானே பத்தே முக்காலுக்கு வச்சேன்."

"டேலைட் சேவிங்கை மறந்துபோனியளே? இவங்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வச்சிருக்கிறாங்கள். ராகுவுக்கு அதெல்லாம் தெரியுமே? பதினொண்டரைக்குத்தான் முடியும்."

பதினொரு வருடமாக அவர் ராகுகாலம் பார்ப்பதைக் கேலி செய்து வந்தவன் நான். அந்த மனிதரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது அப்படியே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

"சர்ச்சுக்குப் போறவரு நீங்க. எனக்காக இதெல்லாம் யோசிச்சீங்களா?" இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க, கிரேம்கிட்ட சொல்லிட்டு வர்றேன்."

ராகுவை ஒரு பண்ணைக்கார வெள்ளைக்காரருக்கு விளக்க மூன்று நிமிடமாவது ஆகும். அந்த மூன்று நிமிடத்தில் நான் உண்மையைச் சொல்லத் தயாராகியிருக்கலாம். அதற்குப் பதிலாக என் பைகளைத் துழாவினேன். தடித்த தோல் உறை போட்ட ஃபோன். கார்ச் சாவி, வீட்டுச் சாவி, தேவாலய மண்டபத்துச் சாவி எல்லாம் சேர்ந்த ஒரு கொத்து. கைக்கடிகாரம். கண்ணாடி மூடியைத் தூக்கி, பொம்மையின் காலுக்கு முன்னால், மூக்குக்குள் எல்லாவற்றையும் திணித்தேன். அரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். ஒட்டுவதற்கு டேப் இல்லை. கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். மூடியை மூடினேன். பொம்மை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்திருந்தோம். "அண்ணிக்குத் தனியா எடுத்து வச்சிருக்கேன், இது நமக்கு" என்று காரைக்குடி மனகோலப் பலகாரத்தைப் பிரித்து வைத்தார். நாலு தரம் சொல்ல வாயைத் திறந்தேன். நாலு தரமும் மனகோலத்தைப் போட்டு அடைத்தேன்.

சரியாகப் பதினொன்றரைக்கு இழுவை விமானம் கிளம்பியது. கயிறு இறுகியது. கிளைடர் புல்லில் ஓடி, ஒரு சத்தமும் இல்லாமல் எழும்பியது. நாச்சியப்பனின் உதடு முணுமுணுத்தது. நானும் மாதாவை மன்றாடினேன். முதல் வட்டம் ஒழுங்காகப் போனது. 'தப்பிவிட்டேன்' என்றுகூட நினைத்துவிட்டேன்.

இரண்டாவது வட்டத்தில் இழுவை விமானம் செங்குத்தாக ஏறத் தொடங்கியது. பின்னால் வந்த கிளைடரும் மூக்கைத் தூக்கியது. மூக்கைத் தூக்கினால் உள்ளே ஒட்டாமல் கிடக்கும் சாமான் என்ன செய்யும்? இதற்குப் பாலம் கட்டிய மூளை தேவையில்லை. சறுக்கி, பொம்மையைத் தாண்டி, உடல் நெடுக உருண்டு, வாலில் போய்ச் சேரும். ஈயம் இல்லாத மூக்குக்கு உதவியாக நான் வைத்த பாரம் முழுவதும் இப்போது வாலில்.

"கயிற்றை விடு! விடு!" என்று கிரேம் கத்தினார். நாச்சியப்பன் விட்டார். கிளைடர் வாலில் நின்றது. பிறகு புரண்டு, சுழன்று, எங்களை நோக்கி வந்தது.

"எதைத் திருப்பினாலும் கேக்க மாட்டேங்குதே! அண்ணே, கேக்க மாட்டேங்குதே!"

கிரேம் குப்புற விழுந்தார். நான் நாச்சியப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். தலைக்கு மேலே இறக்கை காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. வேலிக்கு அப்பால், மஞ்சள் பூப் பூத்த கோர்ஸ் முட்புதருக்குள் மரம் முறிகிற சத்தம். அதற்குப் பிறகு மாடுகள் மட்டும்.

ஒருவருக்கும் காயமில்லை. இதை எழுதும்போதும் சிலுவை போட்டுக்கொள்கிறேன்.

புதர் ஆள் உயரம். மூவரும் முள்ளுக்குள் தேடினோம். ஒரு இறக்கை கிடைத்தது. பொம்மை கிடைத்தது, சந்தனம் அழியாமல். வாலைக் காணவில்லை. "ஏன் இப்பிடி ஆச்சு? பேலன்ஸ் சரியாத்தானே இருந்துச்சு?" என்று நாச்சியப்பன் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு நடந்தார். அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு குழந்தை கத்தியது.

"அம்மப்பா, ஃபோன்! ஆன்சர் இட், அம்மப்பா!"

எனக்குக் காது மந்தம் என்று என் பேத்தி தன் குரலையே பதிந்து வைத்த அழைப்பொலி. மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு வருவோம் என்று கேட்க என் மனைவி எடுத்திருக்கிறாள்.

"அம்மப்பா, ஃபோன்!"

நாச்சியப்பன் குரல் வந்த இடத்தை விலக்கினார். உடைந்த வாலுக்குள் கையை விட்டார். கைக்கடிகாரம் வந்தது. சாவிக்கொத்து வந்தது. கடைசியாக ஃபோன். அதை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஈயம், பக்கத்து வீட்டுக்காரர், ராகு, எல்லாம். ஃபோன் மறுபடியும் கத்தியது. அவரே எடுத்தார்.

"அண்ணி, நாச்சியப்பன் பேசுறேன். ஆமா, அண்ணன் இங்கதான் இருக்காரு. சாப்பாடு அவருக்கு மட்டும் வைங்க."

சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர். ஏழு சனிக்கிழமை வரவில்லை. எட்டாவது சனிக்கிழமை உடைந்த வாலோடு வந்து நின்றார்.

"ஈயத்தை எடுத்ததுகூடப் போகட்டும்ணே. ராகுகாலம்னதும் நான் எவ்ளோ சந்தோசப்பட்டேன் தெரியுமா?"

மனைவி இலை போட்டாள்.

அடுத்த இரண்டு குளிர்காலமும் என் கராஜில் அவர் சொல்லச் சொல்ல நான் ஒட்டினேன். ஒரு கிலோ ஈயமும் பழைய இடத்துக்குப் போனது. கிளைடர் இன்று அழகாகப் பறக்கிறது. நியூசிலாந்தில் ராகு டேலைட் சேவிங்கை மதிப்பதில்லை என்று நாச்சியப்பன் கோயிலில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். கேட்டால் ஆதாரத்துக்கு என் பெயரைச் சொல்கிறார்.

வீட்டில் நான் எதையாவது மழுப்பத் தொடங்கினால் போதும். பன்னிரண்டு வயதான பேத்தி, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், தலையை நிமிர்த்தாமலே தமிழில் குரல் கொடுப்பாள்: "அம்மப்பா, ஃபோன்!" மேசை முழுவதும் சிரிக்கும். நாச்சியப்பன்தான் அதிகம் சிரிப்பார்.

மைதானத்தில் மட்டும் அவர் சிரிப்பதில்லை. கயிறு மாட்டுவதற்கு முன், ஒன்றும் பேசாமல் என் பக்கம் கையை நீட்டுவார். ஃபோன், சாவிக்கொத்து, கைக்கடிகாரம் மூன்றையும் அந்தக் கையில் வைப்பேன். எண்ணிப் பார்த்துத் தன் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் கிரேமுக்குத் தலையாட்டுவார்.