அலுமாரிக்குப் பின்னால் ஒரு கதாநாயகன்

கண்டியில் சினிமாஸ்கோப்பைவிட மோசமான டைரக்டர் இதுவரை பிறக்கவில்லை. சினிமாஸ்கோப் என்பது தெரு வைத்த பட்டப்பெயர்; ஆள் என் தெருக்காரன், வகுப்புத்தோழன். தொழில், கல்யாண வீடியோ எடுப்பது. வத்தேகமவில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்துக் கேமராவை மேகத்துக்குத் திருப்பினான். மாப்பிள்ளை வீட்டார் துரத்த, "மேகமும் சாட்சிதானுங்களே!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

இந்த மகான் போன வருடம் சொந்தமாகப் படம் எடுக்கப் புறப்பட்டான். கதை இதுதான்: ஒரு இந்துப் பையனும் முஸ்லிம் பையனும் உயிர் நண்பர்கள். பெரியவர்கள் மதத்தைச் சொல்லிப் பிரிக்கிறார்கள். கதை கேட்டுத் தெருவே கண்ணைத் துடைத்தது. நடிக்கப் பிள்ளை கேட்டதும் கண்ணீர் காய்ந்துபோனது.

"நல்ல கதைதாங்க. ஆனா எங்க புள்ள அவங்க வீட்டுத் தட்டுல கை வச்சா சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?" என்றார் பலசரக்குக் கடைக்காரர்.

எங்கள் முஸ்லிம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? "எங்கட புள்ள கோயில் வாசல்ல நிக்கிறதா? ஏலா" என்று மறுத்தார் என் சொந்த மச்சினர். மதபேதம் கூடாதென்ற படத்துக்கு மதபேதத்தால் ஆள் கிடைக்கவில்லை.

சினிமாஸ்கோப் அசரவில்லை. "நீயும் நானும் நடிப்போம் மச்சான்."

"எங்களுக்கு அம்பத்தொரு வயசுடா!"

"குளோசப் வைக்க மாட்டேன்."

அரைக்காற்சட்டையோடும் தொந்தியோடும் ஹந்தானைச் சரிவில் கைகோத்து ஓடினோம். கொழுந்து பறித்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

கடைசிக் காட்சியை என் வீட்டில் வைத்தான். "தீபாவளி முறுக்கோட நான் வாசல்ல வந்து கூப்பிடுவேன். நீ அலுமாரிக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு, இல்லன்னு ஒங்க உம்மாகிட்ட சொல்லச் சொல்லணும்."

பத்து வயதில், வாப்பாவுக்குப் பயந்து, அப்படியே செய்தவன் நான். அவனுக்குத் தெரியாதென்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

"ஒனக்கு யாருடா சொன்ன?"

"யாரு சொல்லணும்? அன்னைக்கே ஒன் காலு வெளிய தெரிஞ்சிச்சு."

தெரிந்தும் மறுநாள் பள்ளியில் என் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேமராவை ஓடவிட்டு வாசலுக்குப் போனான். "அஸ்மி!" என்று கூப்பிட்டான். "நான் இல்லண்டு சொல்லுங்க உம்மா" என்பதுதான் என் வசனம். அதைச் சொல்லாமல் வெளியே வந்து அவன் கையிலிருந்த முறுக்கை வாங்கிக் கடித்தேன்.

"கட்! கதையக் கெடுத்துட்டியேடா!"

"இன்னொருக்கா அத செய்ய எனக்கேலா."

ஏதோ திட்ட வாயெடுத்தவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேமரா பக்கம் திரும்பிவிட்டான். அந்தக் காட்சியை வெட்டவுமில்லை.

படம் பார்க்கப் பதினொரு பேர் வந்தார்கள். நான்கு பேர் தூங்கினார்கள். படுகுப்பை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: அவனைப் போல ஒரு நண்பன் எனக்கு இந்த ஊரில் வேறு யாருமில்லை.