சோபாப் போரில் சொல்லேருழவர்

நாவே வாளாக, நுரையீரலே முரசாக, கழுத்துப்பட்டையே வெற்றிக்கொடியாக நாற்காலி மேசைக் கடையின் முன்கூடத்தை ஆண்ட சொல்லேருழவரே, சக ஊழியர்கள் 'மைக்செட்' என்று அன்பேயின்றி அழைக்கும் ஆண்தகையே, உம் புகழ் பாடப் புகுகின்றோம். கேட்போர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாராக!

இப்பெருந்தகை ஒரு வாரக்கடைசி முழுவதும், தேநீர் இடைவேளை நீங்கலாக, இணங்கவைக்கும் கலைப் பயிற்சி வகுப்பில் கடுந்தவமியற்றி மூன்று அம்புகளை வரமாகப் பெற்றவர். பேசுபவன்மேல் நம்பிக்கை பிறப்பிப்பது முதலம்பு. கேட்பவர் நெஞ்சைப் பிழிவது இரண்டாமம்பு. கணக்கும் காரணமும் காட்டி அறிவை மடக்குவது மூன்றாமம்பு. வரம் வாங்கிய மப்பில், எய்யவே கூடாத வேளை எதுவென்று கேட்க மறந்தார்.

பகையோ, கத்தரிப்பூ நிறத்தில், சினைப்பட்ட எருமைபோல் நெடுங்காலம் விலைபோகாது படுத்துக்கிடந்த, மூவர் அமரும் சோபா. "இன்னிக்கு இது நகரலன்னா, நாளைலேர்ந்து நீ நகர்ந்துடு. குடோனுக்கு!" என்று முதலாளி கல்லாவிலிருந்து கர்ஜித்திருந்தார். காற்றாடியும் கண்ணாடிக் கதவும் கண்டோர் கூறும் வணக்கமும் துறந்து, எலிகளின் அவைக்களத்தில் அட்டைப்பெட்டிகளுக்குச் சொற்பொழிவாற்றும் கொடுங்காட்சி வீரர் கண்முன் விரிந்தது. மீசை துடித்தது.

அவ்வமயம், நாத்தனாரைத் துணைக்கழைத்துக்கொண்டு உள்ளே வந்தார் ஒரு பல் டாக்டரம்மா. நோயாளிகள் காத்திருக்க இருக்கை தேடிவந்தவர், சோபாவை ஒருமுறை பார்த்தார், ஒருமுறை அமுக்கினார்.

"இந்த நிறந்தான் தேடினேன். அழுக்கு தெரியாது. பில் போடுங்க."

முடிந்தது போர்! கடைவீதியில் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும், 'சரி' என்ற சொல் காதில் விழுந்தபின் வியாபாரியின் வாய்க்கு வேலையில்லை என்பது. ஆனால் மூன்றம்பும் தூணியில் முனைமழுங்காது கிடக்க, எய்யாமல் வெல்வதும் ஒரு வெற்றியா? மலையெனச் சிலிர்த்து, முதலம்பைத் தொடுத்தார் மைக்செட். தன் குறையைத் தானே சொல்பவனை உலகம் நம்பும் என்பதன்றோ வகுப்பில் கேட்ட மறைமொழி!

"மேடம், நான் பொய் சொல்லி விக்கிறவன் இல்ல. இதுல ஒரு கால் லேசா ஆடும்."

டாக்டரம்மா பெருந்தன்மையின் பேருரு. "பரவால்லங்க, அட்டை மடிச்சு வெச்சுக்கறேன். பில்லைப் போடுங்க."

இரண்டாம் முறையும் வாகை தானே வந்து தலையில் விழ, அதனைத் தட்டிவிட்டார் நம் தலைவர். கல்லாவில் முதலாளி உதட்டில் விரல் வைத்துக் கண்ணை உருட்டினார். வியப்பால் மூக்கில் விரல் வைக்கிறார் என்று கொண்டு, ஊழித்தீயென ஓங்கி, நெஞ்சைப் பிழியும் அம்பை விடுத்தார் மைக்செட்.

"உங்க காலத்துக்கு அப்புறமும் இந்த சோபா இருக்கும் மேடம்! இதப் பாத்துப் பாத்து எல்லாரும் உங்கள நெனச்சு அழுவாங்க!"

"பல்வலிக்காரங்க இப்பவே அழுதுக்கிட்டுதானே உள்ள வர்றாங்க, அண்ணி" என்றார் நாத்தனார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "என்னங்க, பில் போடச் சொன்னா எனக்குப் பாடை கட்டுறீங்க?"

அஞ்சினாரா வீரர்? கார்முகில் கிழித்த இடியேறுபோல் மூன்றாமம்பும் முழங்கிப் பாய்ந்தது.

"ஒரு கணக்கு சொல்றேன். பத்து சோபாவுல ஒம்பது, மூணே வருஷத்துல ஸ்பிரிங் போயிடும். இது அந்தப் பத்தாவது!"

"அப்ப கால் ஆடுறது எந்தக் கணக்குல வருது?" என்று கேட்டார் நாத்தனார்.

அறிவை மடக்க ஏவிய அம்பு, எய்தவர் வாயையே மடக்கிற்று. அண்டம் அதிர்ந்ததோ இல்லையோ, சோபாவின் கால் ஆடிற்று. டாக்டரம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இவ்வளவு பேசினாத்தான் விக்கும்னா, இது நமக்கு வேணாம். வா, போலாம்."

திசையானைகள் பிளிற, தேவர்கள் கொட்டாவி விட, புறமுதுகு காட்டாப் பெருவீரர் வாசல்வரை ஓடி, "மேடம், கடைசியா ஒண்ணே ஒண்ணு!" என்று விண்ணதிர முழங்கினார்.

மறுநாள் காலையிலிருந்து அவருக்குக் குடோனில் வேலை.